சேமிப்பையெல்லாம் ஷீட் ஃபிலிமில் போடலாமா?

கடிதத்தின் சுருக்கம்

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட இந்த வாசகர், ஆறு ஆண்டுகளாக 4×5 அங்குல வியூ கேமராவில் (சுருளுக்குப் பதில் தனித்தனித் தாளாக வரும் ஷீட் ஃபிலிம் போடும் பெரிய கேமரா) கறுப்பு வெள்ளைப் படங்கள் எடுத்து வருகிறார். பழைய கட்டடங்களின் உட்புறம், கற்சிலைகள், மரங்கள் ஆகியவை அவருக்குப் பிடித்தவை. மாதம் சுமார் பத்து ஷீட் செலவாகிறது. ஃபிலிமைத் தட்டில் வைத்துத் தானே கழுவுகிறார், பிரிண்டும் தானே போடுகிறார். முன்பு ஃபியூஜியின் ஆக்ரோஸ் 100 ஷீட் பயன்படுத்தினார். கையிருப்பு தீர்ந்ததும் ஃபோமாபான் 100க்கு மாறினார். வெளியில் எடுப்பவை நன்றாக வருகின்றன. உட்புறப் படங்களோ வெளிறிய நெகட்டிவாகவே வருகின்றன. "ஜன்னல் கறுப்பாக விழுந்திருக்கிறது, தூண்களுக்குப் பின்னால் இருக்கும் இருட்டில் ஒன்றுமே இல்லை, வெறும் கண்ணாடி மாதிரி இருக்கிறது. லைட் மீட்டர் எஃப்/32 துவாரத்துக்கு 30 வினாடி காட்டியது, பாதுகாப்புக்கு ஒரு ஸ்டாப் (இரு மடங்கு ஒளி) கூட்டி 60 வினாடி கொடுத்தேன். ஃபிலிமே மட்டமோ?" என்று கேட்கிறார்.

இதற்கிடையே நண்பர் ஒருவர், ஐந்து ஆண்டில் ஷீட் ஃபிலிமே இருக்காது, பத்து ஆண்டுக்கு வேண்டியதை இப்போதே வாங்கி உறைபெட்டியில் வைத்துவிடு என்று அச்சுறுத்தியிருக்கிறார். மூடப்பட்ட ஸ்டூடியோ ஒன்றிலிருந்து, 2009இல் காலாவதியான 400 வேக (ஒளியுணர்திறன்) ஷீட் ஃபிலிம் பதினொரு பெட்டி விலைக்கு வந்திருக்கிறது. அது அலமாரியில் இருந்த சரக்கு. எக்ஸ்ரே ஃபிலிமுக்கு மாறிவிடலாமா, பழைய 8×10 கேமரா ஒன்றும் கிடைக்கிறதே, அதை வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறார். சேமிப்பில் பெரும் பகுதியை இதில் போடத் தயாராக இருப்பதாக எழுதியிருக்கிறார்.

பதில்

அன்புள்ள வாசகருக்கு,

சேமிப்பை எடுக்க வேண்டாம். பதினொரு பெட்டிக்கு முன்பணமும் கொடுக்க வேண்டாம். உங்கள் ஃபோமாபானும் மட்டமில்லை. ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்கிறேன். ஃபிலிம் கிடைக்குமா என்ற கவலைதான் மற்ற முடிவுகளையும் இழுத்துக்கொண்டு போகிறது என்பதால் அதிலிருந்து தொடங்குவோம்.

இன்றைக்குக் கறுப்பு வெள்ளை ஷீட் ஃபிலிமின் பெரும்பகுதி மூன்று இடங்களிலிருந்து வருகிறது. இங்கிலாந்தில் மோபர்லியில் உள்ள ஹார்மன் நிறுவனம் இல்ஃபோர்டு பெயரில் எஃப்பி4 ப்ளஸ், ஹெச்பி5 ப்ளஸ், டெல்டா 100, ஆர்த்தோ ப்ளஸ் ஆகியவற்றை ஷீட்டாகத் தருகிறது. அமெரிக்காவின் ராச்செஸ்டரில் கோடாக் பூசும் டி-மேக்ஸ் 100, டி-மேக்ஸ் 400, ட்ரை-எக்ஸ் 320 இருக்கின்றன. செக் நாட்டில் ஹ்ராடெக் க்ராலோவே நகரத்தின் ஃபோமா, 100, 200, 400 என்று மூன்று வேகத்தில் தருகிறது. இவை போக பெர்கர், ஷாங்ஹாய், ரோலே பெயர்களிலும் அவ்வப்போது வருகின்றன. வேறு பெயரில் வரும் பெட்டிக்குள் இந்த மூன்றில் ஒன்றின் ஃபிலிமே இருப்பதும் உண்டு. ஆகவே கடையில் பத்துப் பெயர் இருப்பதை வைத்துப் பத்துத் தொழிற்சாலை என்று கணக்குப் போட வேண்டாம்.

உங்கள் நண்பர் ஆக்ரோஸைத்தான் சான்றாகக் காட்டியிருப்பார். அந்தக் கதையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். ஆக்ரோஸ் 100 நிற்கப்போகிறது என்று 2018இல் அறிவிப்பு வந்தது. 2019இல் ஆக்ரோஸ் II என்று திரும்பியது, ஆனால் 35 மி.மீ. மற்றும் 120 சுருளில் மட்டும். எமல்ஷன், அதாவது ஒளியுணர் பூச்சு, உயிர்பெற்றது, ஷீட் பெறவில்லை. ஷீட் ஃபிலிமுக்கு உள்ள உண்மையான ஆபத்து இந்த இடத்தில்தான் இருக்கிறது.

எமல்ஷன் ஒன்றாகவே இருந்தாலும் ஷீட்டுக்கு வேறு அடித்தளம் வேண்டும். சுருள் ஃபிலிம் 0.11 முதல் 0.13 மி.மீ. தடிமனுள்ள, பெரும்பாலும் அசிட்டேட் அடித்தளத்தில் பூசப்படுகிறது. ஷீட் ஃபிலிம், கேமராவில் செருகும் ஹோல்டருக்குள் வளையாமல் தட்டையாக நிற்க வேண்டும் என்பதால் சுமார் 0.18 மி.மீ. பாலியெஸ்டரில் பூசுகிறார்கள். அதாவது ஷீட்டுக்கென்று தனியாக ஒரு பெரிய சுருள் பூச வேண்டும். பிறகு அளவுக்கு வெட்ட வேண்டும், மூலையில் அடையாள வெட்டுப் போட வேண்டும், முழு இருட்டில் அடுக்கி ஒளி புகாத உறையிலிட்டுப் பெட்டியில் அடைக்க வேண்டும். ஒரு 36 படச் சுருள், ஒரு 120 சுருள், நான்கு 4×5 ஷீட், ஒரு 8×10 ஷீட் எல்லாமே ஏறக்குறைய 80 சதுர அங்குலம்தான். பூச்சுச் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. மிச்ச வேலைதான் ஷீட்டை விலை ஏற்றுகிறது. விற்பனை குறைந்தால் முதலில் கைவிடப்படுவதும் அந்த மிச்ச வேலைதான்.

அதனால் வரும் ஆண்டுகளில் எதை எதிர்பார்க்கலாம்? வழக்கமில்லாத அளவுகள் சுருங்கும். பெட்டியில் ஷீட் எண்ணிக்கை குறையும். விலை ஏறும். சில மாதம் ஒரு வகை கிடைக்காமல் போய்த் திரும்ப வரும். 4×5 கடைசியாகப் போகக்கூடிய அளவு, ஏனென்றால் ஷீட் கேமரா வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் கையில் இருப்பது அதுதான். நிறுவனம் விழுந்தால் ஃபிலிமும் விழுந்துவிடும் என்பதும் முழு உண்மை அல்ல. இங்கிலாந்து இல்ஃபோர்டு 2004இல் கடன் கொடுத்தவர்களுக்காக அமர்த்தப்பட்ட நிர்வாகத்துக்குப் போனது, 2005இல் அதன் மேலாளர்களே வாங்கி ஹார்மனாக நடத்தினார்கள். கோடாக் 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கோரி, 2013இல் வெளியே வந்தது. அந்தக் காலம் முழுக்க எஃப்பி4 ப்ளஸும் ட்ரை-எக்ஸ் 320உம் ஷீட்டாக வந்துகொண்டுதான் இருந்தன. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். எஃப்கே ஃபிலிம் செய்த குரோஷியாவின் ஃபோட்டோகெமிகா 2012இல் நின்றது, திரும்பவில்லை. ஒரே ஒரு ஃபிலிமை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு அது பெரிய அடி.

இன்னொரு தவறான எண்ணத்தையும் இங்கேயே திருத்திவிடுகிறேன். "ட்ரை-எக்ஸ் சுருளில் எப்போதும் கிடைக்கும், எனவே ஷீட்டும் கிடைக்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள். சுருளில் வருவது ட்ரை-எக்ஸ் 400. ஷீட்டில் வருவது ட்ரை-எக்ஸ் 320. இரண்டும் வெவ்வேறு எமல்ஷன். ஒளி கூடக்கூடக் கருமை எப்படி ஏறுகிறது என்று காட்டும் 320இன் வளைவு கீழே நீளமாகப் படுத்து மேலே போகப்போக நிமிர்கிறது, ஸ்டூடியோ விளக்குக்கு ஏற்ற குணம். ஒன்று இருப்பதால் மற்றது இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. ஒன்றுக்குக் கண்ட கழுவும் நேரமும் மற்றதுக்குச் செல்லாது.

வெளிறிய நெகட்டிவ்: ஃபிலிம் குற்றமில்லை

உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. ஜன்னல் கறுப்பாக விழுந்திருக்கிறது என்கிறீர்கள். கழுவியது போதாமல் இருந்தால் ஜன்னலும் வெளிறியிருக்கும். வெளிச்சப் பகுதி திடமாக விழுந்து, இருட்டுப் பகுதி மட்டும் காலியாக இருந்தால் அது எக்ஸ்போஷர் குறைவு. ஏன் குறைந்தது என்றால், ஒரு வினாடிக்கு மேல் போகும்போது ஃபிலிம் மீட்டரின் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. மங்கலான ஒளி மெல்ல மெல்லச் சொட்டும்போது வெள்ளி உப்பில் பதியத் தொடங்கிய சுவடு நிலைபெறுவதற்குள் கலைந்துபோகிறது. இருட்டு மூலைக்குத்தான் இதில் அதிக நஷ்டம். ரெசிப்ராசிட்டி தவறுதல் என்று இதைச் சொல்வார்கள்.

ஆக்ரோஸ் உங்களைக் கெடுத்துவைத்திருக்கிறது என்பேன். அது 120 வினாடி வரை திருத்தமே கேட்காத ஃபிலிம். ஃபோமாபான் 100 அதற்கு நேர் எதிர். ஃபோமா தரும் அட்டவணைப்படி மீட்டர் 1 வினாடி காட்டினால் 2 மடங்கு, 10 வினாடி காட்டினால் 8 மடங்கு, 100 வினாடி காட்டினால் 16 மடங்கு கொடுக்க வேண்டும். உங்கள் 30 வினாடி இடையில் வருகிறது. ஏறக்குறைய 11 மடங்கு, அதாவது ஐந்தரை நிமிடம். நீங்கள் கொடுத்தது ஒரு நிமிடம். இரண்டரை ஸ்டாப் குறைவு. தூணுக்குப் பின்னால் வெறும் கண்ணாடியாக இருந்ததற்கு இதுவே போதுமான காரணம்.

இதே 30 வினாடி எஃப்பி4 ப்ளஸில் எவ்வளவு ஆகும்? இல்ஃபோர்டு ஒரு எளிய சூத்திரம் தருகிறது. மீட்டர் காட்டிய நேரத்தை ஒரு அடுக்கெண்ணுக்கு உயர்த்த வேண்டும். எஃப்பி4 ப்ளஸுக்கும் டெல்டா 100க்கும் அந்த எண் 1.26, ஹெச்பி5 ப்ளஸுக்கு 1.31. கைபேசிக் கணிப்பானில் 30ஐப் போட்டு 1.26 அடுக்கு எடுத்தால் 73 வினாடி வரும். டி-மேக்ஸ் 100 இன்னும் தாராளம். கோடாக் சொல்வது 10 வினாடிக்கு 15, 100 வினாடிக்கு 200. அப்படியானால் 30க்கு 50 சொச்சம்.

ஃபோமாவையே தொடர விரும்பினால் துவாரத்தைத் திறப்பதுதான் முதல் வழி. எஃப்/32இலிருந்து எஃப்/22க்கு வந்தால் மீட்டர் 15 வினாடி காட்டும். அதற்குத் திருத்தம் சுமார் 9 மடங்கு, இரண்டேகால் நிமிடம். ஒரே ஒரு ஸ்டாப் திறந்ததற்கு மூன்று நிமிடத்துக்கு மேல் மிச்சம். காட்சி எவ்வளவு கூர்மை கேட்கிறது என்று கண்ணாடித் திரையில் லூப் (உருப்பெருக்கி) வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். லென்ஸ் பொருத்திய முன்பலகையைச் சாய்த்துத் தரையையும் தூணையும் ஒரே தளத்துக்குக் கொண்டுவர முடிந்தால் எஃப்/32 தேவைப்படாமலே போகலாம். நீண்ட எக்ஸ்போஷரில் வெளிச்சப் பகுதி அவ்வளவாக நஷ்டப்படாததால் கான்ட்ராஸ்ட் ஏறிவிடும். அதைச் சமன்செய்ய, கழுவும் நேரத்தை 15 சதவீதம் குறைத்துத் தொடங்குங்கள்.

சிலைகளை அருகில் போய் எடுக்கும்போது இன்னொரு கணக்கும் சேர்கிறது. 150 மி.மீ. லென்ஸ் போட்டு பெல்லோஸை (லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் இடையிலுள்ள மடிப்புத் துருத்தி) 200 மி.மீ. வரை நீட்டினால் (200÷150)ஐ அதாலேயே பெருக்க வேண்டும். சுமார் 1.8 மடங்கு. இந்தப் பெருக்கலை முதலில் செய்துவிட்டு, வந்த நேரத்துக்குத்தான் ரெசிப்ராசிட்டித் திருத்தம். வரிசை மாறினால் மறுபடி வெளிறும்.

ஃபோமாவின் எமல்ஷன் ஈரத்தில் மென்மையானது என்பதையும் மனதில் வையுங்கள். தட்டில் ஆறு ஷீட்டைச் சீட்டுக்கட்டு மாதிரி அடியிலிருந்து உருவி மேலே வைக்கும்போது மேல் ஷீட்டின் மூலை கீழ் ஷீட்டைக் கீறிவிடும். தடவைக்கு மூன்றுக்கு மேல் போட வேண்டாம், எமல்ஷன் மேலே பார்க்கட்டும், முதலில் இரண்டு நிமிடம் வெறும் தண்ணீரில் ஒவ்வொன்றாக ஊறட்டும். சேர்த்துப் போட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது எமல்ஷன் உரிந்துவிடும்.

பதினொரு பெட்டி பழைய சரக்கு

உறைபெட்டியில் வைத்தால் ஃபிலிம் அப்படியே நிற்கும் என்று நம்புகிறீர்கள். குளிர் தடுப்பது வேதி மாற்றத்தை மட்டுமே. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இடைவிடாமல் வரும் கதிர்வீச்சைக் குளிர் தடுக்காது. ஃபிலிம் எவ்வளவு வேகமோ அவ்வளவு அதை வாங்கிக்கொள்ளும். 100 வேக ஃபிலிம் நன்றாக வைக்கப்பட்டிருந்தால் காலாவதிக்குப் பிறகும் பல ஆண்டு தாங்கும். 400 அப்படித் தாங்காது. இந்தச் சரக்கோ உறைபெட்டியில்கூட இருந்ததில்லை. அலமாரியில், வெயிற்காலம் எல்லாம் பார்த்த 400 வேகம். மூட்டம் (வெளிச்சம் படாமலே படரும் கருமை) விழுந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டே பேசுங்கள்.

விற்பவரிடம் ஒரே ஒரு ஷீட் சோதனைக்குக் கேளுங்கள். கொடுக்க மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். கிடைத்தால் இப்படிச் செய்யுங்கள். ஹோல்டரில் போட்டு, ஒரே சீரான வெளிச்சம் விழும் சுவரைக் குவியமில்லாமல் நோக்குங்கள். 400க்கு மீட்டர் காட்டும் நேரத்தை ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அது அரை வினாடிக்குள் இருக்கட்டும். ஹோல்டரை மூடும் தகடான டார்க் ஸ்லைடை முழுவதும் உருவாமல் கடைசி ஒரு அங்குலம் மூடியே இருக்கும்படி இழுத்து, ஒரு பங்கு கொடுங்கள். ஒரு அங்குலம் உள்ளே தள்ளி இன்னொரு பங்கு. மேலும் ஒரு அங்குலம் தள்ளி இரண்டு பங்கு. மறுபடி தள்ளி நான்கு பங்கு. கழுவி எடுத்தால் ஒரே ஷீட்டில் 400, 200, 100, 50 என்று நான்கு பட்டையும், வெளிச்சமே படாத ஒரு பட்டையும் கிடைக்கும்.

வெளிச்சம் படாத பட்டைதான் முக்கியம். அதைப் புதிய ஃபிலிமின் ஓரத்தோடு சேர்த்து வெள்ளைத் தாள்மேல் வையுங்கள். லேசான சாம்பல் என்றால் பிரிண்டில் கூடுதல் நேரம் கொடுத்துச் சமாளிக்கலாம். பட்டையில் திட்டுத்திட்டாகவோ, ஓரங்களில் மட்டும் கறுத்தோ இருந்தால் அதைத் திருத்தவே முடியாது, வானமும் சுவரும் அழுக்காகத் தெரியும். மூட்டத்தைக் குறைக்க டெவலப்பரில் லிட்டருக்கு 0.1 கிராம் பென்சோட்ரையசோல் சேர்க்கலாம். ஃபிலிமின் வேகத்தையும் அது கொஞ்சம் தின்றுவிடும். ஹெச்சி-110 போன்ற டெவலப்பர் இயல்பாகவே மூட்டத்தைக் குறைவாகத் தரும்.

தொழிற்சாலை ஒட்டுப்பட்டி கிழிந்த பெட்டியைத் தொடவே வேண்டாம். உள்ளே எக்ஸ்போஸ் ஆன ஷீட் கலந்திருக்கலாம். என்ன இருக்கிறது என்று பார்க்க வெளிச்சத்தில் யாராவது திறந்தும் இருக்கலாம். மூடிய பெட்டிகளில் எமல்ஷன் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். நான்கு வெவ்வேறு எண் இருந்தால் நான்கு தனிச் சோதனை வேண்டும். எல்லாம் சரியாகவே இருந்தாலும் புதியதின் கால் பங்கு விலைக்குமேல் கொடுக்காதீர்கள். இரண்டு பெட்டி பயிற்சிக்கும் ஷட்டர் சோதனைக்கும் போதும். ஒருமுறைதான் கிடைக்கும் வெளிச்சத்துக்கு இதை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

எக்ஸ்ரே ஃபிலிம்

மலிவு என்பது உண்மை. ஆனால் உங்கள் பாடங்களுக்கு அது பொருந்துமா என்று பார்க்க வேண்டும். பச்சை உணர் வகை நீலத்தையும் பச்சையையும் பார்க்கும், சிவப்பைப் பார்க்காது. மர இலைகள் பளிச்சென்று வரும், செங்கல் சுவர் கரியாகும், வானம் வெறும் வெள்ளையாகும். கற்சிலைகளுக்கு நன்றாகவே ஒத்துப்போகும். ஆழ்ந்த சிவப்பு விளக்கின் கீழே கண்ணால் பார்த்தபடி கழுவலாம் என்பது பெரிய வசதி.

தொல்லை வேறிடத்தில். பெரும்பாலான எக்ஸ்ரே ஃபிலிமில் இரண்டு பக்கமும் எமல்ஷன். கீழ்ப் பக்கம் தட்டில் உரசிய இடமெல்லாம் கீறல். தட்டின் அடியில் வழவழப்பான கண்ணாடித் தகடு போட்டு, தடவைக்கு ஒரு ஷீட் மட்டும் கழுவினால் குறையும். பின்பக்க ஒளிச் சிதறலைத் தடுக்கும் பூச்சும் கிடையாது, ஜன்னலைச் சுற்றி ஒளிவட்டம் பரவும். உட்புறம் எடுக்கும் உங்களுக்கு இது சிறு குறை அல்ல. மூலை வெட்டு இல்லாத ஒருபக்க எமல்ஷன் வகை வாங்கினால் எந்தப் பக்கம் என்பதைச் சிவப்பு விளக்கில் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கான்ட்ராஸ்ட் இயல்பிலேயே அதிகம். 80 வேகத்தில் தொடங்கி, ஹெச்சி-110ஐ 1:100 அளவில் கரைத்துக் கழுவிப் பாருங்கள்.

எதிர்காலத்துக்காக இதற்கு மாறுவதென்றால் அது எனக்குச் சரியாகப் படவில்லை. மருத்துவமனைகள் டிஜிட்டலுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. புகைப்படக்காரர்களுக்காக யாரும் எக்ஸ்ரே ஃபிலிம் செய்வதில்லை. மருத்துவத் தேவை முடிந்த நாளில் ஒரு முன்னறிவிப்பும் இல்லாமல் அது நின்றுவிடும். எஃப்பி4 ப்ளஸ் அப்படியல்ல, நம்மைப் போன்றவர்களுக்காகவே வெட்டப்படுவது.

எவ்வளவு கையிருப்பு?

மாதம் பத்து ஷீட் என்றால் ஆண்டுக்கு 120. இல்ஃபோர்டில் 25 ஷீட் பெட்டி ஐந்து. ஃபோமாவில் 50 ஷீட் பெட்டி இரண்டரை. ஓராண்டுத் தேவை கையில் இருந்தால் நடுவில் ஆறு மாதம் எதுவும் வராவிட்டாலும் தாங்கலாம். பத்து ஆண்டுக்கு 1200 ஷீட் வாங்கினால் என்ன ஆகும்? நாளைக்கு உங்கள் கண் மாறலாம், பிரிண்ட் முறை மாறலாம், மின்சாரம் மூன்று நாள் நின்று உறைபெட்டி வியர்க்கலாம். அதோடு, இன்று 1200 வாங்கிவிட்டு அடுத்த பத்து ஆண்டு ஒன்றும் வாங்காத ஆளைத் தொழிற்சாலை வாடிக்கையாளராகக் கணக்கில் வைக்காது. அடுத்த ஆண்டு ஷீட் அடித்தளத்துக்கு ஆர்டர் போடலாமா என்று அவர்கள் பார்ப்பது ஒழுங்காக வரும் விற்பனையை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பெட்டி வாங்குபவர்தான் அதைத் தாங்கிப் பிடிக்கிறார். இதை நான் மனதார நம்புகிறேன்.

இரண்டு ஃபிலிம் பழகுங்கள், இரண்டும் இரு வேறு தொழிற்சாலையினதாக இருக்கட்டும். உட்புறத்துக்கு எஃப்பி4 ப்ளஸ், வெளியே ஃபோமாபான் 100 என்பது உங்களுக்குப் பொருந்தும் ஜோடி. எஃப்பி4 ப்ளஸை ஐடி-11 டெவலப்பரின் 1+1 கரைசலில் 20 டிகிரியில் 11 நிமிடம் என்று தொடங்கலாம். தட்டில் இடைவிடாமல் புரட்டுவதால் ஒன்றரை நிமிடம் குறைக்க வேண்டிவரலாம்.

அடுத்த மூன்று மாதத்துக்கானதைக் குளிர்பெட்டியிலும், மீதியை உறைபெட்டியிலும் வையுங்கள். இரட்டைப் பை போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். எடுத்ததும் பையைத் திறக்காமல் ஓர் இரவு முழுக்க வெளியே விடுங்கள். அவசரத்தில் திறந்தால் குளிர்ந்த ஷீட்மேல் ஈரம் படியும், காய்ந்ததும் வட்ட வட்டமாகத் தடம் நிற்கும். பெட்டியின் மேல் வாங்கிய மாதமும் எமல்ஷன் எண்ணும் எழுதி, பழையதை முதலில் எடுங்கள். விமானப் பயணத்தில் புதிய சிடி வகை ஸ்கேனர் இருந்தால் கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்தக் கதிர் 100 வேக ஃபிலிமையும் விட்டுவைக்காது.

புதிய பெட்டியில் உண்மையாகவே தயாரிப்புக் குறை தெரிந்தால் முழுப் பெட்டியையும் சுட்டுத் தீர்த்துவிடாதீர்கள். குறையுள்ள நெகட்டிவ், எமல்ஷன் எண் உள்ள பெட்டி, அதே பெட்டியிலிருந்து வெளிச்சம் படாத மூன்று நான்கு ஷீட், இவை கையில் இருந்தால் விற்றவரிடமும் தயாரிப்பாளரிடமும் மாற்றுக் கேட்க முடியும். பெட்டி குப்பைக்குப் போய்விட்டால் பேசுவதற்கு ஆதாரமே இருக்காது.

8×10 கேமரா

ஃபிலிம் நின்றுவிடும் என்ற பயத்தில் இருப்பவர் நான்கு மடங்கு ஃபிலிம் தின்னும் கேமராவை வாங்குவது எனக்குப் புரியவில்லை. ஒரு 8×10 ஷீட்டின் பரப்பில் நான்கு 4×5 அடங்கும். லென்ஸ் 150இலிருந்து 300 மி.மீ.க்குப் போகும். அதே ஆழக் கூர்மைக்கு இன்னும் இரண்டு ஸ்டாப் மூட வேண்டும். 30 வினாடி காட்டிய இடம் 120 காட்டும். எஃப்பி4 ப்ளஸில்கூட அது ஏழு நிமிடம். ஃபோமாவில் அரை மணி நேரத்தையும் தாண்டும்.

பெரிதாக்காமல் நெகட்டிவையே தாள்மேல் வைத்து எடுக்கும் கான்டாக்ட் பிரிண்ட்தான் உங்கள் ஆசை என்றால் அது வேறு விஷயம். அதற்கு 8×10க்கு ஈடு கிடையாது, வாங்குங்கள். அந்த அளவு எஃப்பி4 ப்ளஸிலும் ஹெச்பி5 ப்ளஸிலும் வழக்கமான சரக்காகவே வருகிறது. அதைவிட விசித்திரமான அளவுகளுக்கு இல்ஃபோர்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆர்டர் வாங்கி வெட்டித் தருகிறது. தவறவிட்டால் அடுத்த ஆண்டுதான். அந்தக் கட்டாயம் உங்களுக்கு வேண்டாம்.

எதிர்பாராதது நடந்தே விட்டாலும் உங்கள் 4×5 கேமரா சும்மா இருக்காது. பின்புறத்தில் கிராஃப்லாக் பூட்டு இருந்தால் 6×9 அல்லது 6×12 சுருள் ஃபிலிம் பின்பெட்டி ஒன்றை மாட்டி 120 ஃபிலிமில் தொடரலாம். முன்பலகைச் சாய்வு, உயர்த்தல் எல்லாம் அப்படியே வேலை செய்யும். பிரிண்ட் தாளையே 4×5ஆக வெட்டி நெகட்டிவாகப் போடுவதும் ஒரு வழி. 6 வேகத்தில் தொடங்கி, சிவப்பு விளக்கில் கழுவலாம். கான்ட்ராஸ்ட் மீறினால் லென்ஸில் மஞ்சள் ஃபில்டர் போட்டு மல்டிகிரேடு தாளைப் பணியவைக்கலாம்.

இப்போது உங்களிடம் மிச்சமிருக்கும் ஃபோமா ஷீட்டுகளில் மூன்றை எடுத்துக்கொண்டு அதே தூண்களுக்குத் திரும்பிப் போங்கள். அதே நேரம், அதே இடம், எஃப்/22. மீட்டர் 15 வினாடி காட்டினால் முதல் ஷீட்டுக்கு 70 வினாடி, இரண்டாவதுக்கு இரண்டேகால் நிமிடம், மூன்றாவதுக்கு நான்கரை நிமிடம் கொடுங்கள். மூன்றையும் ஒரே தட்டில் 15 சதவீதம் குறைத்துக் கழுவுங்கள். ஹோல்டரில் போடும்போதே மூலையை ஒன்று, இரண்டு, மூன்று முறை சிறிதாகக் கத்தரித்துவிட்டால் இருட்டில் கலந்தாலும் எது எதென்று தெரியும். தூணுக்குப் பின்னால் கல்லின் சொரசொரப்பு முதலில் எந்த நெகட்டிவில் தெரிகிறதோ, அந்த நேரத்தை ஹோல்டரின் பின்னால் பென்சிலால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.